கடைசிப் பக்கத்துப் பாடக்குறிப்பு

வேலையில் இருந்தவரை நான் ஒரே நோட்டில் இரண்டு விதமாகப் பாடக்குறிப்பு எழுதினேன். ஒன்று முன்பக்கத்திலிருந்து. திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியர் மேசைக்குப் போய், பச்சை மையில் கையெழுத்தாகித் திரும்பும். பொது நோக்கம், சிறப்பு நோக்கம், ஆயத்தப்படுத்துதல், பாட வளர்ச்சி, துணைக்கருவி, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று பி.எட்.டில் சொல்லிக்கொடுத்த வரிசை அப்படியே இருக்கும். ஆண்டாய்வுக்கு வருகிறவர்கள் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

இன்னொன்றை நோட்டைத் திருப்பிப்போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதினேன். ஒரு பாடத்துக்கு நாலு வரி. என்ன கேட்கப் போகிறேன், பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள், மேசையில் எதை வைக்க வேண்டும், எந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வகுப்பு நடந்தது இந்த நாலு வரியை வைத்துத்தான்.

முன்பக்கக் குறிப்பை நான் குறை சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் கை நடுங்காமல் இருக்க அது ஒரு பிடிமானம். ஆனால் நாற்பத்தைந்து பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. அறிவியல் வகுப்பு விழுவதும் எழுவதும் அந்த இடத்தில்தான்.

1989இல் ராசிபுரம் பக்கத்து அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். சுற்றிலும் மரவள்ளிக் காடு, நடுநடுவே சேகோ பேக்டரிகள். கிழங்கு அரைக்கிற பருவத்தில் ஜன்னலைத் திறந்தால் புளித்த கழிவுநீர் வாடை வகுப்புக்குள் வந்துவிடும். பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அம்மாவோ அப்பாவோ பேக்டரியில் வேலை. கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை எடுத்து உருட்டி, வறுத்து, களத்தில் காயப்போடுவது வரை அவர்களுக்கு மனப்பாடம். மரவள்ளி இலையை அளவுக்கு மீறி மேய்ந்த ஆடு செத்துப்போகும் என்பதும் தெரியும். அதற்குக் காரணம் இலையிலிருந்து வெளிப்படும் சயனைடு என்பது மட்டும்தான் தெரியாது.

அவர்களிடம் போய் "ஸ்டார்ச் என்பது ஒரு கார்போஹைட்ரேட்" என்று தொடங்குவதில் எனக்கு விருப்பமில்லை. மெடிக்கல் ஷாப்பில் டிங்சர் அயோடின் ஒரு பாட்டில் வாங்கித் தண்ணீர் கலந்துகொண்டேன். மேசையில் ஜவ்வரிசி, சோறு, உருளைக்கிழங்கு, சர்க்கரை, சோடா உப்பு எல்லாம் சின்னச் சின்னக் குவியலாக. எது நீலமாகும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கிறவரை பாட்டிலைத் திறக்கவில்லை. ஜவ்வரிசியும் சோறும் கருநீலமாயின. சர்க்கரை ஆகவில்லை. எல்லாருடைய பதிலும் சரி. வகுப்பில் ஒரு மிதப்பு. அப்போது ஒரு பையனுடைய நோட்டை வாங்கி, அவன் பதில் எழுதியிருந்த தாளின் மேலேயே ஒரு சொட்டு விட்டேன். தாள் நீலமாகிவிட்டது.

"டீச்சர், பேப்பர் எப்படிங்க?" என்று நாலு மூலையிலிருந்தும் சத்தம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு லாரி டிரைவர் மகன் யோசித்துவிட்டு, "எங்கப்பா ஸ்டார்ச் மூட்டையைப் பேப்பர் மில்லுக்குத்தானுங்க ஏத்திட்டுப் போவாரு" என்றான். பக்கத்திலேயே இன்னொருத்தி, தறி வீட்டுப் பெண், "எங்க வீட்லயும் பாவுக்குக் கஞ்சி போடுவாங்க டீச்சர், அதுவும் நீலமாகுங்களா?" என்று கேட்டாள். மறுநாள் ஒரு நூல்கண்டோடு வந்தாள். ஆயிற்று.

அன்றைக்குப் பாடத்தை நடத்தியது அந்த இரண்டு பேர். நான் செய்தது, தெரிந்ததை வைத்து அவர்களை ஒரு பதிலில் நிற்கவைத்து, அதற்கு ஒரு அடி பக்கத்தில் தெரியாத ஒன்றை வைத்தது. வாய்விட்டோ எழுதியோ ஒரு பதிலைச் சொல்லிவிட்ட பிள்ளைக்கு, அடுத்து நடப்பது தன் சொந்த விஷயமாகிவிடுகிறது. பதில் சொல்லாமல் வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கு அது டீச்சர் செய்கிற வித்தை. சோடா உப்பில் வினிகர் ஊற்றி எரிமலை காட்டுவார்களே, அது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். கைதட்டுவார்கள். அடுத்த வாரம் கேட்டால் "சிவப்புக் கலர் ஊத்துனீங்க டீச்சர்" என்பார்கள்.

பிறகு மாறுதலில் சேலத்துக்கு வடக்கே, ஓமலூர் ரோட்டுப் பக்கம் போனேன். அங்கே பஸ்ஸில் போகும்போதே வெள்ளைவெள்ளையாகக் குவியல் தெரியும். மேக்னசைட். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்கல். உருக்காலைகளின் உலைக்குள் பதிக்கும் தீச்செங்கல் செய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டியெடுக்கிறார்கள். பள்ளி மைதானத்தில் கோலி விளையாடக் குழி தோண்டினாலே ஒரு துண்டு கிடைக்கும்.

கார்பனேட் மேல் அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும், கார்பன் டை ஆக்சைடு வரும் என்பது பாடம். வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். பிள்ளைகளையே கல் கொண்டுவரச் சொன்னேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டார்கள். கல் சும்மா கிடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார்கள். ஒன்றிரண்டு குமிழி, அதுவும் கண்ணைக் கிட்டே கொண்டுபோனால்தான். "இது பொங்கவே மாட்டேங்குதுங்க. புத்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்களா?"

குளிர்ந்த அமிலத்தில் மேக்னசைட் சட்டென்று வினைபுரியாது என்பதைக் கனிமங்களைப் படித்தவர்கள் அறிவார்கள். சுண்ணாம்புக்கல்லையும் இதையும் பிரித்தறிய அது ஒரு அடையாளம். எனக்கும் தெரிந்துதான் இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பக்கத்தில் நாலாவது வரியாக எழுதியிருந்தது "பெல் அடிக்கும் வரை காரணம் சொல்லாதே" என்று. அதைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை. நாற்பத்தைந்து முகங்கள் உங்களைப் பார்க்கும்போது, தெரிந்ததைச் சொல்லாமல் நிற்க நாக்கு சம்மதிக்காது.

மறுநாளுக்குள் மூன்று யோசனைகள் வந்தன. அமிலம் பத்தவில்லை என்றான் ஒருவன். இது கார்பனேட்டே இல்லை என்றாள் ஒருத்தி. குவாரியில் வேலை பார்க்கும் தாத்தாவிடம் கேட்டுவந்த பையன், "கல்லைச் சூளையில போட்டுக் காய்ச்சுனாத்தானுங்க அதுல இருக்கிற காத்து போகும்" என்றான். மூன்றையும் கரும்பலகையில் எழுதி, எதை எப்படிச் சோதிக்கலாம் என்று அவர்களிடமே விட்டேன். கல்லை உரலில் இடித்துத் தூளாக்கினார்கள். சோதனைக்குழாயை வெந்நீரில் நிறுத்தினார்கள். தூள் நுரைத்தது. வெந்நீரில் நின்ற தூள் நன்றாகவே நுரைத்தது, வந்த வாயு சுண்ணாம்புத் தண்ணீரைப் பால் போலாக்கியது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சங்ககிரியிலிருந்து வாங்கிவந்த சுண்ணாம்புக்கல் ஒன்றும் முட்டை ஓடு ஒன்றும் வைத்திருந்தேன். அவை அமிலம் பட்ட உடனே பொங்கின.

பரப்பு கூடினால் வினை வேகமாகும், வெப்பம் கூடினால் வேகமாகும், எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தும் வேகம் மாறும் என்று பத்தாம் வகுப்புப் பாடம் பட்டியலிடுகிறது. அந்த மூன்றும் அன்றைக்கு ஒரே கல்லில் கிடைத்தன. உள்ளூர்ப் பொருளை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள் என்று பயிற்சிக் கூட்டங்களில் எல்லாரும் சொல்வார்கள். நான் அதற்கு ஒரு நிபந்தனை போடுவேன். புத்தகத்தில் இருப்பதை அப்படியே மெய்ப்பிக்கும் உள்ளூர்ப் பொருளால் பெரிய பயன் இல்லை. புத்தகத்தோடு எங்காவது உரசுகிற பொருளைத் தேடவேண்டும்.

நாமக்கல் பக்கம் வேலை பார்த்த வருடங்களில் முட்டைக்குப் பஞ்சமே இல்லை. விரிசல் விட்ட முட்டை பண்ணைகளில் மலிவாகவே கிடைக்கும். ஆனால் சவ்வூடுபரவல் சோதனைக்கு விரிசல் முட்டை ஆகாது, முழு முட்டை வேண்டும். சத்துணவு முட்டையில் நான் ஒருநாளும் கைவைத்ததில்லை. அது பிள்ளையின் வயிற்றுக்கு வந்தது. ஓர் இளம் ஆசிரியர் அதை எடுத்துச் சோதனை செய்ய, அன்று சாப்பாட்டில் முட்டை கிடைக்காத பையன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சோதனையில் வித்தை நாள் கணக்கில் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் பீரியட்டில் முட்டையை வினிகரில் போடவேண்டும். புதன்கிழமைக்குள் ஓடு கரைந்து, தொட்டால் ரப்பர் பந்து மாதிரி சவ்வு மட்டும் நிற்கும். நூலைச் சுற்றி அளவெடுத்துவிட்டு ஒன்றைத் தண்ணீரிலும் இன்னொன்றைக் கெட்டியான சர்க்கரைப் பாகிலும் போட்டால் வியாழக்கிழமை மறுபடி அளக்கலாம். வெள்ளிக்கிழமை தொடங்கினால் திங்கட்கிழமை ஆய்வகத்துக்குள் யாரும் நுழைய முடியாது. முன்பக்கப் பாடக்குறிப்பில் ஒரு பாடம் ஒரு பீரியட் என்றுதான் இருக்கும். மூன்று நாள் ஓடுகிற கேள்விக்கு அதில் இடமில்லாததால், அந்த மூன்று நாளிலும் வேறு பாடம் எழுதி, முதல் ஐந்து நிமிடத்தை முட்டைக்கு ஒதுக்கிக்கொள்வேன்.

பாகில் போட்ட முட்டை என்னாகும் என்று கேட்டால் வகுப்பே சொல்லும், உப்பும் என்று. ஊறப்போட்டால் எதுவும் உப்பத்தானே செய்யும், கடலையும் உளுந்தும் அப்படித்தானே. மறுநாள் நூல் தளர்ந்து தொங்கும். ஒருமுறை, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒரு பெண் எழுந்து "எங்க ஆயா மாங்காய்க்கு உப்புப் போட்டா மாங்காய் தண்ணி விடுமுங்க. அதேதானுங்களா?" என்றாள். அதற்கப்புறம் நான் சவ்வூடுபரவலைத் தனியாக விளக்கிய நினைவில்லை.

அதே ஊரில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்துக்குப் பிட்யூட்டரி படத்தை வரைவதற்கு முன் கேட்டேன், "பண்ணையில் ராத்திரி எதுக்கு லைட் எரியுது?" கோழி பயப்படாமல் இருக்க, திருடன் வராமல் இருக்க என்று பதில்கள். பண்ணைக்காரர் மகன் ஒருவன் மெதுவாக, "பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தாத்தானுங்க நல்லா முட்டை வைக்கும்" என்றான். வெளிச்சத்துக்கும் முட்டைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்வியில் தொடங்கிய வகுப்பு, மூளைக்குள் போய்த்தான் நின்றது. கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் ஏன் கலக்கிறார்கள் என்பது அடுத்த நாள் கேள்வி.

இதெல்லாம் நடந்தபோது இந்த மாவட்டத்துக்கு வேறொரு பெயர் கிடைத்துக்கொண்டிருந்தது. மாநில ரேங்க் என்றால் நாமக்கல். விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 'பிராய்லர் பள்ளி' என்று பத்திரிகைகள் கேலி செய்தன. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே முதல் வருடத்திலிருந்து பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது ஊரறிந்த விஷயம். அதன் காற்று எங்கள் உயர்நிலைப்பள்ளி வரைக்கும் வீசியது. "டீச்சர், எங்க பையனுக்குக் கொஸ்டின் பேங்க் குடுக்க மாட்டீங்களா?" என்று பெற்றோர் வருவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைக்கிறவர்களுக்கு, ஒரு கல் பொங்காததைப் பற்றி இரண்டு நாள் பேசுகிற டீச்சரைப் பார்த்தால் பயம் வருவது நியாயம்தான். 2017இல் ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது. அதற்கடுத்து 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மூச்சு கொஞ்சம் திரும்பியது.

பத்தாம் வகுப்பில் செய்முறைத் தேர்வு வந்தது அதைவிட எங்களுக்கு நெருக்கமான மாற்றம். சமச்சீர் கல்வி பத்தாம் வகுப்புக்கு வந்த 2011-12இல் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25 என்றார்கள். பூட்டியே கிடந்த ஆய்வக அலமாரிகளுக்குச் சாவி தேடப்பட்டது. வேதிப்பொருள் வாங்கப் பணம் கிடைத்தது. பியூரெட்டைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த பிள்ளைகள் அதைக் கையில் பிடித்தார்கள். அந்த வகையில் அதற்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் ஒரு வருடம் முடிவதற்குள் 'வரவேண்டிய விடை' முந்தின பேட்சிலிருந்து அடுத்த பேட்சுக்குக் கைமாற ஆரம்பித்துவிட்டது. விடை தெரிந்த சோதனையைச் செய்ய வைப்பதற்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் பெரிய வித்தியாசமில்லை. லிட்மஸ் சோதனைக்குப் புத்தகக் கரைசல்களோடு எண் மட்டும் ஒட்டிய வேறு சில பாட்டில்களையும் வைத்தேன். சோப்புத் தண்ணீர், புளித்த மோர், சேகோ பேக்டரி வாய்க்கால் தண்ணீர், பள்ளிக் குழாய்த் தண்ணீர். அவற்றுக்கு மார்க் கிடையாது. அவற்றைச் சுற்றித்தான் கூட்டம்.

மதிப்பீட்டு முறை மாறி, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு ஒன்பதாம் வகுப்பு வரை வந்தபோது செயல்பாடு, செயல்திட்டம் எல்லாவற்றுக்கும் மார்க் வந்தது. நல்ல எண்ணம்தான். அடுத்த மாதமே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளில் அந்த மதிப்பீட்டுக்கென்றே "எஃப்.ஏ. படங்கள்" தொங்கின. ஐந்து ரூபாய்க்குப் பூச்சி, ஐந்து ரூபாய்க்குக் கோள்கள். சார்ட் முழுக்க ஜிகினா. கடையில் வாங்க முடிகிற எதையும் செயல்திட்டமாக ஏற்கமாட்டேன் என்று ஒரே விதி வைத்தேன். வீட்டு மின் அட்டையில் இரண்டு மாதக் கணக்கைப் பார்த்து, எந்தச் சாதனம் எத்தனை யூனிட் தின்கிறது என்று கண்டுபிடித்து வரச் சொன்னேன். தறி வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் கெட்டியானது அதில்தான்.

திருச்செங்கோடு பக்கம் ரிக்கும் லாரியும்தான் பிழைப்பு. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் போர் போட்டுக்கொண்டிருக்கும் அப்பாக்கள் பொங்கலுக்கு வந்து போவார்கள். பாஸ்கல் விதிக்கு அங்கே நான் வைத்தது இரண்டு சிரிஞ்சும் ஒரு டிரிப் டியூபும். 2 மில்லி ஒரு முனை, 20 மில்லி மறுமுனை, நடுவில் தண்ணீர். வகுப்பிலேயே ஒல்லியான பெண்ணிடம் சின்னதையும் கபடி டீம் பையனிடம் பெரியதையும் கொடுத்து, யார் யாரைத் தள்ளுவார்கள் என்று கேட்டேன். பந்தயமே கட்டினார்கள். முதல்முறை இரண்டு பக்கமும் மெத்தென்று அமுங்கியது, யாரும் ஜெயிக்கவில்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் மகன் எழுந்து, "டீச்சர், உள்ள ஏர் புடிச்சிருக்குதுங்க. பிரேக்குக்கு எடுக்கற மாதிரி ஏர் எடுக்கோணும்" என்றான். எடுத்தான். கபடிப் பையன் தோற்றான். பெரிய பிஸ்டனின் பரப்பு சின்னதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பதை அவர்களே ஸ்கேல் வைத்து அளந்தார்கள். லாரிக்கு ஜாக்கி போடும்போது கை ஏன் அத்தனை முறை மேலும் கீழும் போய்வர வேண்டியிருக்கிறது என்று ஒருவன் கேட்டதற்கு, இன்னொருவன் சின்ன சிரிஞ்சைக் காட்டி, "இது எவ்வளவு தூரம் போச்சு, அது எவ்வளவு தூரம் வந்துச்சு பாரு" என்றான்.

2018-19இலிருந்து வந்த புதிய பாடநூல்கள் பார்க்க அழகு. கியூஆர் கோடு, வண்ணப்படம், விஷயச் செறிவு எல்லாம் உண்டு. நான் மதிக்கும் புத்தகங்கள் அவை. ஆனால் பாடம் கனமானபோது பீரியட் எண்ணிக்கை கூடவில்லை. எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு வேறு. ஓய்வுப் பீரியட்டில் சிரிஞ்சு தேடப் போய்க்கொண்டிருந்தவள் நெட்வொர்க் தேடி மொட்டைமாடிக்குப் போனேன். 2022 நவம்பரில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு வானவில் மன்றம் தொடங்கியபோது, சோதனைப் பொருட்களோடு ஒருவர் பள்ளிக்கே வருவது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன். செய்து காட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளை எழுத வையுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆகஸ்டில் நிழலில்லா நாளைத் திட்டமிட்டேன். சேலத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11.7 டிகிரி. சூரியன் நேர் உச்சியில் நிற்பது வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும். நாமக்கல் கொஞ்சம் தெற்கே இருப்பதால் ஆகஸ்டில் ஓரிரு நாள் தள்ளி வரும். ஏப்ரல் தேர்வுக்குப் போய்விடும். ஆகஸ்டில் மேகம் இருக்கும், ஆனாலும் பள்ளி இருக்கும். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே மைதானத்தில் ஒரு பி.வி.சி. பைப்பை நட்டு, தினமும் மிகக் குட்டையான நிழலைக் குறித்துவந்தார்கள். நிழல் எத்தனை மணிக்கு மறையும் என்று கேட்டேன். ஒருவர் விடாமல் எழுதினார்கள், பன்னிரண்டு மணி. உச்சி வெயில் என்றால் பன்னிரண்டுதானே.

அன்று மேகம் விலகியே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு நிழல் இருந்தது. பன்னிரண்டு பத்துக்கும் ஒரு கீற்று இருந்தது. "டீச்சர், பைப்பு சாஞ்சிருக்குதுங்க" என்று குண்டுநூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். சாயவில்லை. பன்னிரண்டு இருபது வாக்கில்தான் நிழல் பைப்புக்கடியில் போய் ஒளிந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் போகவில்லை. பள்ளிக் கடிகாரம் தப்பு என்றான் ஒருவன், செல்போனைக் காட்டினேன். பிறகு ஒரு பெண் கேட்டாள், "நம்ம கடிகாரம் எந்த ஊரு சூரியனைப் பாத்து ஓடுதுங்க டீச்சர்?"

அதற்கு அட்லஸ் வேண்டியிருந்தது. சாப்பிட்டு வந்ததும் முதல் பீரியட் சமூக அறிவியல். அந்த ஆசிரியரிடம் போய் பீரியட்டையும் சுவர் வரைபடத்தையும் சேர்த்துக் கேட்டேன். 82.5 டிகிரியில் இந்திய நேரத்தின் கோடு, 78க்குச் சற்றுத் தள்ளிச் சேலம். டிகிரிக்கு நாலு நிமிடம் என்று பிள்ளைகள் பெருக்கிப் பார்த்தார்கள். பதினேழு நிமிடம் வந்தது. மீதி இரண்டு மூன்று நிமிடம் எங்கே போயிற்று என்று சண்டை ஆரம்பித்தது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வருடம் முழுக்க ஒன்றுபோல இருக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சமூக அறிவியல் ஆசிரியர் சொன்னார், "பீரியடைத் திருப்பிக் குடுத்துருங்க டீச்சர், எனக்கு இன்னும் இரண்டாம் உலகப்போரே முடியலை." வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியட்டைக் கொடுத்தேன்.